காண்டெஸா கியர் பாக்ஸ் ஒழுகலும் வில்லிவாக்கம் பாய் பட்டறையும்

கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடுவது என் தொழில், ஊர் சென்னை பெரம்பூர். இருக்கிற வண்டிகளில் கிராக்கி அதிகம் வெள்ளைக் காண்டெஸாவுக்குத்தான். 1817 சிசி இசுசூ இன்ஜின், ஐந்து கியர். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த நீள பானட்டில் பூ வைத்து நிறுத்தினால் புது வண்டிகளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நின்ற இடத்திலெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். ஒரு மண்டபத்தில் வாசல் கோலத்தின் மேலேயே சொட்டி, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

ஒழுகியது கியர் பாக்ஸின் பின்முனையில், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன்முனையான யோக் உள்ளே நுழையும் இடத்தில். அங்கே வெளிப்பக்கம் ஆயில் சீல் என்ற ரப்பர் உதடு வைத்த வளையம், அதற்கு உள்ளே யோக்கைத் தாங்கும் புஷ் என்ற உலோகக் குழல். எங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒவ்வொரு முறையும் சீலை மட்டும் மாற்றித் தருவார்கள். முகூர்த்த சீசன் முடிவதற்குள் மறுபடி சொட்டும். "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள், கூலியை மட்டும் குறைக்காமல்.

வில்லிவாக்கம் பட்டறையைச் சொன்னவர் அம்பாசடர் வைத்திருக்கும் இன்னொரு வாடகைக்காரர். பெயர்ப் பலகை கிடையாது, வாசலில் சக்கரமில்லாமல் செங்கல் மேல் நிற்கும் ஃபியட்தான் அடையாளம். ஆடியில் கல்யாணம் இல்லை, வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

முதலில் பிடித்தது, பாய் உடனே ஸ்பேனரை எடுக்காதது. அடிப்பக்கம் முழுக்க மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, முகப் பவுடரைத் தூவி, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து பிட்டுக்குள் இறங்கினார். ஷாஃப்ட் சுற்றும்போது எண்ணெயை நாலாபக்கமும் விசிறிவிடும், அதனால் எங்கிருந்து வருகிறது என்று அப்படியே பார்த்தால் தெரியாது. ஸ்பீடோமீட்டர் கேபிள் சேரும் இடம் கசிந்தாலும் இதே மாதிரி வழியுமாம். பவுடர் மேல் பார்த்தபோது சீலிலிருந்துதான் கோடு கிளம்பியது. பிறகு யோக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். டக் டக்கென்று கையிலேயே தெரிந்தது.

"சீல் எண்ணெயத்தான் சார் நிறுத்தும். ஷாஃப்ட்ட புடிக்கிறது புஷ்ஷு வேலை. புஷ்ஷு தேஞ்சு யோக்கு ஆடினா, எந்த கம்பெனி சீலு போட்டாலும் அதோட உதடு ஒரு பக்கம் வாயத் தொறந்துக்கும்" என்றார். இத்தனை நாளாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

காண்டெஸா உற்பத்தி நின்றது 2002-இல். கம்பெனி புஷ் தேடுவதில் அர்த்தமில்லை. பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில், புஷ் உட்காரும் பின்முனைக் கூடான ஹவுசிங்கோடு பழையது கிடைக்கும், ஆனால் அந்தப் புஷ்ஷும் எவ்வளவு ஓடியதோ. பாய் ஹவுசிங்கைத் தனியாகக் கழற்றி, யோக்கையும் சேர்த்து அம்பத்தூர் எஸ்டேட்டில் தனக்குப் பழக்கமான லேத்துக்கு அனுப்பி, கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் புது புஷ் கடைந்து வாங்கினார். பழைய புஷ்ஷை உளி வைத்து அடித்தெடுக்க விடவில்லை. ஹவுசிங் அலுமினியம், விரிந்தால் கதை முடிந்தது. புதுசை ஏற்றும்போது அதிலுள்ள எண்ணெய்த் துளை ஹவுசிங்கின் துளைக்கு நேராக நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அது திரும்பி உட்கார்ந்தால் எண்ணெய் போகாமல் புஷ் காய்ந்தே தேயும்.

சீலை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் நானே வாங்கி வந்தேன். பழைய சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சிட்டிருக்கும். வண்டிப் பெயரைச் சொல்லாமல் அந்த எண்களைச் சொல்லிக் கேட்பதுதான் நல்லது. காண்டெஸா என்றதும் கடைக்காரர்கள் "வராது" என்று சொல்லிவிடுகிறார்கள். நம்பரைச் சொன்னால் அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.

யோக்கில் சீல் உரசும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டுமாம். என்னுடையதில் இல்லை. யோக்கை ஷாஃப்ட்டோடு இணைக்கும் மூட்டான முன் கிராஸ் மட்டும் இறுகிப்போயிருந்தது, அந்த அதிர்வும் சேர்ந்துதான் புஷ்ஷைத் தின்றது என்று சொல்லி மாற்றினார். கியர் பாக்ஸின் மூச்சுக்குழாயில் அடைத்திருந்த மண்ணைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தார். அது அடைத்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளுமாம். ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் டிஃபரன்ஷியல் பக்கம் பிளேஞ்ச் இரண்டிலும் கோடு போட்டுக்கொண்டார், பழையபடியே மாட்டாவிட்டால் வண்டி உதறும்.

மொத்தம் 6,400 ரூபாய். லேத்துக்கு 1,500, கிராஸுக்கு 850, பாக்கி கூலியும் எண்ணெயும். சீல் என் கணக்கு. வெறும் சீல் மாற்ற வாங்குவதோடு பார்த்தால் அதிகம்தான், எனக்கு வருத்தமில்லை. ஆவணி முகூர்த்தங்கள் முழுக்க ஓடியாகிவிட்டது, புரட்டாசியில் நின்றபோது கீழே விரித்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. நாற்பதைத் தாண்டினால் தரையில் வந்த நடுக்கமும் இப்போது இல்லை.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்கு வண்டி வரவே வராது. போனை எடுக்க மாட்டார், நேரில் போய் நின்றால்தான் வேலை நகரும். பில் என்பது காலண்டர் தாளின் பின்பக்கம், அதிலும் பாதி எழுத்து அவருக்கே புரியவில்லை. ரொக்கம் மட்டும் வாங்குகிறார். வண்டி தெருவில்தான் நிற்கும், மழைக்காலத்தில் நான் விட மாட்டேன். கூட வேலை செய்யும் பையன் எண்ணெய்க் கையோடு உள்ளே ஏறி சீட்டில் கறை வைத்துவிட்டான். கேட்டதற்கு ஷாம்பூ பாக்கெட் ஒன்றை நீட்டினான். வெள்ளை சீட் கவர் போட்டிருப்பவர்கள் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அம்பாசடர், ஃபியட், பழைய ஜீப் எல்லாம் எடுக்கிறார். சென்சார், ஸ்கேனர் வேலை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். காலை பத்துக்கு முன்னால் போய்ப் பயனில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மூடியிருக்கும்.