சால்வரா, ஆடிய கைகளின் பதிவா: சில்லறை மேசையில் எது கைகொடுக்கும்?

ஆறு பேர் போக்கர் ஆடும் பத்து சென்ட் மேசை. கடைசியாக முடிவெடுக்கும் சாதகமான இடமான பட்டனில் இருந்த நான் ஸ்பேட் ஏஸும் டைமன் ராணியும் வைத்துக்கொண்டு 25 சென்ட்டுக்கு ரெய்ஸ் செய்தேன் (பந்தயத்தை ஏற்றினேன்). சீட்டுப் பார்க்கும் முன்பே பத்து சென்ட் கட்ட வேண்டிய பிக் பிளைண்ட் இடத்தில் இருந்தவர் மட்டும் கூட வந்தார். எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டுகளான ஃப்ளாப்பில் ஹார்ட்டின் ராணி, ஹார்ட்டின் எட்டு, கிளாவர் மூன்று. நான்காவது சீட்டான டர்னில் ஸ்பேட் ஏழு. கடைசிச் சீட்டான ரிவரில் டைமன் இரண்டு. நான் 30 சென்ட், 75 சென்ட், 1.30 டாலர் என்று கட்டிக்கொண்டே போனேன். அதுவரை பேசாமல் கால் செய்துவந்தவர் (என் பந்தயத்துக்கு ஈடாக மட்டும் கட்டிவந்தவர்), கடைசிப் பந்தயத்தை 5.20 டாலராக ஏற்றினார்.

நான் இன்னும் 3.90 போட வேண்டும். போட்டால் பாட், அதாவது நடுவில் சேரும் மொத்தப் பணம், 13.05 டாலர். ஆக, நூற்றுக்கு முப்பது தடவை என் கை ஜெயித்தாலே நட்டமில்லை. கால் செய்தேன். அவர் ஒரு ஜோடி மூன்றைக் காட்டினார். ஃப்ளாப்பிலேயே அவரிடம் செட், அதாவது ஒரே எண்ணில் மூன்று சீட்டு, இருந்திருக்கிறது.

இந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் தீவிரமான பக்தர்களும் இருக்கிறார்கள். ஒன்று, 2015-இல் வந்த பியோசால்வர் போன்ற சால்வர்; எந்தச் சீட்டுக்கு எப்படி ஆடலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள். மற்றொன்று, நாம் ஆடிய கைகளை (ஆட்டச் சுற்றுகளை) சேமித்துவைக்கும் போக்கர் டிராக்கர் போன்ற மென்பொருள். (நான் ஆடுவது பிரிட்டனில். 2025 ஆகஸ்ட்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பணம் வைத்து இணையத்தில் ஆட வழியில்லை.)

அந்தக் கையை முதலில் சால்வரிடம் கொடுத்தேன். என்னை வெல்லும், அவர் இப்படி ஆடக்கூடிய கைகளை எண்ணினால், எட்டு, ஏழு, மூன்று ஆகியவற்றின் செட்டுகள் ஒன்பது விதம்; ராணி-எட்டு, ராணி-ஏழு, எட்டு-ஏழு என்ற ஒரே சின்னத்து இரட்டை ஜோடிகள் ஐந்து விதம். மொத்தம் பதினான்கு. எதிராளியிடம் இவற்றோடு ஆறு பிளஃப் (வெறும் கையோடு மிரட்டிப் பார்ப்பது) இருந்தாலே என் கால் சரிக்குச் சரி ஆகிவிடும். சால்வரின் கற்பனை எதிராளிக்கு ஆறு பிளஃப் தேடுவது பெரிய வேலையில்லை. ஜாக்கி-பத்து, பத்து-ஒன்பது, ஆறு-ஐந்து என்று ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேரும் ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருந்து ஏமாந்த ஹார்ட்டின் கைகள் அதற்கென்றே இருக்கின்றன. 'சில சமயம் கால், சில சமயம் ஃபோல்ட் (சீட்டைக் கீழே வைத்து விலகுவது)' என்று அது சொல்லிவிட்டது.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அது தன்னைப் போலவே ஆடும் ஒருவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு சொன்ன பதில். பத்து சென்ட் மேசையில் அப்படி யாரும் உட்காருவதில்லை. வேலை முடிந்து வந்து ஆடும் மனிதர், ஏமாந்துபோன ஜாக்கி-பத்தை ரிவரில் நான்கு மடங்காக ஏற்றத் துணிவது அபூர்வம். அவர் ஏற்றினால் கையில் சரக்கு இருக்கிறது.

இதைச் சொல்லித்தந்தது பதிவுதான். ரிவரில் ரெய்ஸ் வாங்கி நான் கால் செய்த கைகளை மட்டும் வடிகட்டி ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். செட், இரட்டை ஜோடி, ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு), மறுபடியும் செட். பிளஃப்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டன. எந்தப் பாடமும் செய்யாத வேலையை அந்தப் பட்டியல் செய்தது. சில்லறைப் பணம்தானே என்று நான் அலட்சியமாகத் தட்டிய கால்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

பதிவை நம்புவதிலும் ஒரு பள்ளம் உண்டு. நான் ஃபோல்ட் செய்த கைகளில் எதிராளியின் சீட்டு எனக்குத் தெரிய வராது. மாதிரியும் சிறியது; ரிவர் ரெய்ஸ் அடிக்கடி வருவதில்லை. தோற்ற கைகளையே திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கும் ஆசையும் சேர்ந்தால், அது அலசல் இல்லை, புலம்பல்.

ஃப்ளாப்புக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே சால்வரிடம் நான் முழுதாகத் தோற்றேன். எட்டு-ஏழு-ஆறு விழுந்த ஃப்ளாப்பில், ஏஸ்-ராஜா வைத்துக்கொண்டு பழக்கத்தால் கட்டுவது என் வழக்கம். அந்தச் சீட்டுகள் என்னைவிட பிக் பிளைண்டுக்கே பொருந்துகின்றன என்பதைச் சால்வர்தான் காட்டியது. இப்போது அங்கே பெரும்பாலும் பந்தயம் கட்டாமல் செக் செய்கிறேன். சின்னங்கள் கலந்த ராஜா-ஏழு-இரண்டில் நேர்மாறு. மூன்றில் ஒரு பங்கு பாட்டைக் கிட்டத்தட்ட எல்லாக் கைகளிலும் கட்டலாம். அந்தச் சிறு பந்தயம் நான்கில் ஒரு தடவை ஃபோல்ட் வாங்கினாலே நட்டமில்லை. இதை என் பதிவுகளிலிருந்து கண்டுபிடித்திருக்க வேண்டுமென்றால் பல வருடம் பிடித்திருக்கும்.

பயிற்சிக் காணொளிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, மேசையில் உட்கார்ந்தால் கை பழையபடியே போகிறது. சால்வரை ஆட்டத்தின் நடுவே திறந்துவைப்பது வேறு விஷயம். தளங்கள் அதைத் தடைசெய்கின்றன, கணக்கையே முடக்கும்.

ஆகவே சில்லறை மேசைக்காரர் காசு கொடுத்து ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், பதிவு மென்பொருளை வாங்கட்டும். கை வாய்ப்புகளைக் கணக்கிட ஈக்விலாப் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டும் இருக்கும் எனக்கு, ஞாயிறன்று பதிவிலிருந்து பத்துக் கைகள், அவற்றில் ஃப்ளாப்பில் குழம்பிய ஒன்று மட்டும் சால்வருக்கு.

போன மாதம் அதே மாதிரி ஒரு ரிவர் ரெய்ஸ் வந்தது. கையில் மறுபடியும் ஏஸ்-ராணி. ஃபோல்ட் செய்தேன். அவர் சீட்டைக் காட்டவில்லை. பதிவில் அந்தக் கைக்கு நேரே இரண்டு டாலர் சொச்சம் நட்டம் என்று மட்டும் இருக்கிறது.