கேமராவில் ஒரே எண்ணா, லென்ஸில் நான்கு எண்களா?

சென்ற பொங்கலன்று மும்பை தாராவியின் 90 அடி சாலையில், பானை பொங்கியபோது குலவையிட்ட ஒரு பாட்டியைப் படமெடுத்தேன். வாயருகே உயர்த்திய விரலின் மோதிரம் துல்லியமாக விழுந்திருந்தது. நான் குறிவைத்த கண்கள் மங்கல். 35 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.4 என்ற அகல அளவு வரை திறந்து ஒரு மீட்டரில் நின்றால் கூர்மை கிடைக்கும் ஆழம் ஏறத்தாழ 7 செ.மீ.தான். அதில் இரண்டு விரற்கடை பிசகினாலே படம் போய்விடும்.

லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின் திரையைப் பார்த்து எடுத்தால், அதே லென்ஸ் கண்ணைச் சரியாகப் பிடித்தது. ஆகவே லென்ஸின் கண்ணாடியில் பழுதில்லை. என்னுடையதைப் போல உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் இம்மி பிசகினாலும் இப்படி ஆகும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இந்தப் பிசகைத் திருத்த மூன்று வழிகள். சர்வீஸ் சென்டரில் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), லென்ஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒரு வழி. முகூர்த்த மாதத்தில் கேமரா இல்லாமல் எனக்குப் பிழைப்பில்லை. கீழே விழுந்து அடிபட்ட லென்ஸ் என்றால் யோசிக்காமல் அங்கேதான் கொடுக்க வேண்டும்.

பாடியின் மெனுவிலேயே திருத்துவது செலவில்லாத வழி. நிகான் டி750 போன்றவற்றில் -20 முதல் +20 வரை எண் கொடுக்கலாம்; கூட்டல் எண் ஃபோகஸைப் பின்னுக்குத் தள்ளும், கழித்தல் எண் முன்னுக்கு இழுக்கும். 12 லென்ஸ்களை அது நினைவில் வைத்துக்கொள்ளும். குவிய நீளத்தின் ஐம்பது மடங்கு, அதாவது 1.75 மீட்டரில் சோதித்து +6 வைத்தேன். அந்தத் தூரத்தில் பிரமாதம். ஆனால் மாட்டுங்காவில் நடந்த ஒரு கல்யாணத்தில், ஊஞ்சலில் இருந்த மணப்பெண்ணை நான்கு மீட்டரிலிருந்து எடுத்தபோது பின்னால் நின்று பாடிய பெண்கள்தான் தெளிவாக வந்தார்கள். கிட்டத்தில் ஃபோகஸ் முன்னால் விழும் லென்ஸில் தூரத்திலும் அதே அளவு முன்னால் விழும் என்பதில்லை. ஒரே எண் எல்லாத் தூரத்தையும் ஒரே பக்கம் தள்ளிவிடுகிறது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

மூன்றாவது வழி டாக், அதாவது லென்ஸைக் கணினியோடு இணைக்கும் சிறு கருவி. அது இங்கேதான் வேறுபடுகிறது. லென்ஸ் நிறுவனமான சிக்மா 2013இல் கொண்டுவந்த யுஎஸ்பி டாக்கில் லென்ஸை மாட்டிக் கணினியோடு இணைத்தால், சூம் அல்லாத லென்ஸுக்கு நான்கு தூரங்களில் தனித்தனி எண் கொடுக்கலாம். டாம்ரான் நிறுவனமும் தன் லென்ஸ்கள் சிலவற்றுக்கு டேப்-இன் கன்சோல் என்ற இதே போன்ற கருவியைக் கொண்டுவந்தது. முதலில் பாடியில் வைத்த எண்ணைப் பூஜ்யமாக்கினேன். செய்தித்தாள் ஒன்றை 45 டிகிரி சாய்த்து ஒட்டி, கேமராவை முக்காலியில் நிறுத்தினேன். ஒவ்வொரு தூரத்திலும் பத்துப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் இருந்த இடத்திலேயே நின்று ஏமாற்றும். ஒரு ஞாயிறு முழுக்க ஆயிற்று. கிட்டத்திலிருந்து வரிசையாக +9, +6, 0, -2. அதன்பின் வந்த கல்யாணத்தில் தாலி முடிச்சும் ஊஞ்சலும் ஒரே லென்ஸில் சரியாக வந்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

நான் டாக்கில் திருத்தியது சூம் இல்லாத இரண்டு லென்ஸ்களை மட்டுமே. சூமுக்கு நான்கு குவிய நீளம், ஒவ்வொன்றிலும் நான்கு தூரம் என்று பதினாறு எண்கள். அந்த உழைப்புக்கு ஏற்ற பலன் உண்டா என்பதைச் செய்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். டாக் அந்தந்த நிறுவனத்தின் லென்ஸுக்கு மட்டுமே, அதிலும் உங்கள் மவுண்டுக்கு (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்) உரியதையே வாங்க வேண்டும்.

இன்னொன்று: டாக்கில் கொடுத்த எண்கள் லென்ஸுக்குள் தங்கும். இரண்டாவது பாடியில் மாட்டினாலும் கூடவே வரும். அங்கே மிச்சப் பிசகைப் பாடியின் மெனுவில் சரிசெய்துகொள்கிறேன். லென்ஸை விற்பதானால் நான்கையும் பூஜ்யமாக்கிக் கொடுங்கள். வாங்குபவரின் பாடி வேறு.