பழைய ரிகர்வ் வில்: எய்வதற்கு எது, சேகரிப்பதற்கு எது?

1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் மரத்தையும் கண்ணாடி இழையையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த ரிகர்வ் விற்கள் (நுனிகள் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்தவை) இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்க வருபவர்களில் ஒரு சாரார் அவற்றை எய்ய விரும்புகிறார்கள்; மற்றொரு சாரார் சுவரில் மாட்டிப் பாதுகாக்க விரும்புகிறார்கள். இரு சாராரும் ஒரே பெயர்களைத் தேடுவதால்தான் குழப்பம் வருகிறது. எய்பவர் முதலில் பார்க்க வேண்டியது நீளத்தையும், கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளான லிம்ப்களின் நிலையையும். சேகரிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டையும் பழுதுபடாத மேற்பூச்சையும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து, அதிகம் பேசப்படும் சில விற்களை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் பேர் ஆர்ச்சரி. ஃபிரெட் பேர் தொடங்கிய இந்த நிறுவனம் 1947 முதல் மிச்சிகனிலுள்ள கிரேலிங் என்ற சிற்றூரில் இயங்கி, 1978-இல் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்கு இடம் பெயர்ந்தது. சேகரிப்பாளர்கள் கிரேலிங் காலத்து விற்களையே பெரிதும் நாடுகிறார்கள். கைப்பிடியில் பதிக்கப்பட்ட நாணய வடிவப் பதக்கம் 1959-இல் அறிமுகமானது. 1970-களின் தொடக்கம் வரை அது மரத்தோடு மட்டமாகவும், அதன் பிறகு விரல் பட்டால் உணரும்படி மேலெழும்பியும் இருக்கும். இன்னொரு விவரத்தையும் கவனிக்க வேண்டும். பேர் நிறுவனத்தின் பல விற்களின் லிம்பில் 1953 என்ற கனடியக் காப்புரிமை ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அது வில் செய்யப்பட்ட ஆண்டு அன்று. 1960-களில் செய்த விற்களிலும் அதே எண் உண்டு. அதை நம்பி விலை சொல்லும் விற்பனையாளரிடம் கைப்பிடியை அருகில் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதே நல்லது.

பேர் விற்களுக்குள் உண்மையான போட்டி கோடியாக் மேக்னத்துக்கும் சூப்பர் கோடியாக்குக்கும் இடையில்தான். மேக்னம் 52 அங்குலம் மட்டுமே. புதர்க்காட்டிலும் மரத்தின்மேல் கட்டிய பரணிலும் வேட்டையாடுபவர்கள் அதை விரும்பியதற்கு அந்தக் குட்டை அளவே காரணம். ஆனால் நாணை இழுக்கும்போது இரண்டு லிம்ப்களுக்கும் இடையே நாண் கூர்மையான கோணத்தில் மடங்குவதால், மூன்று விரல்களும் ஒன்றோடொன்று நெருங்கி நசுங்குகின்றன. 26 அங்குலத்துக்குள் இழுப்பவருக்கு இது பெரிய தொல்லையாக இராது. 29 அங்குலம் இழுக்கும் நெடிய கைக்காரர், கடைசி இரண்டு அங்குலத்தில் இழுவிசை திடீரென ஏறுவதையும் விரல் வலிப்பதையும் பத்து அம்புகளுக்குள் உணர்ந்துவிடுவார். 1967-இல் வந்த சூப்பர் கோடியாக் 60 அங்குல நீளமுடையது. இழுவை கடைசி வரை சீராக ஏறுகிறது. கனமான கைப்பிடி கையில் ஆடாமல் நிற்கிறது. நாணை விட்டதும் அதிர்வு குறைவாகவே தெரிகிறது. எய்வதற்கு இவ்விரண்டில் ஒன்று என்றால், பெரும்பாலோருக்கு நான் சூப்பர் கோடியாக்கையே சொல்வேன். மேக்னத்தின் அழகிலும் எனக்கு ஐயமில்லை. குட்டையான இழுப்பு உள்ளவர் அதை வாங்கினால் எய்யவும் செய்யலாம், பாதுகாக்கவும் செய்யலாம்.

இவ்விரண்டின் புகழில் மறைந்துபோவது கிரிஸ்லி. 58 அங்குல வில். கைப்பிடி மெலிது, அலங்கார மரம் குறைவு, விலையும் பொதுவாகக் குறைவு. சேகரிப்பாளர் இதைத் தாண்டிப் போவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு நாள் முழுவதும் களத்தில் நடந்து எய்பவருக்கு எடை குறைந்த இந்த வில் சுமையாகவே இருப்பதில்லை. எனக்குக் கிரிஸ்லிமேல் தனிப் பற்று உண்டு என்பதை மறைக்கவில்லை; பெயருக்குக் கொடுக்கும் பணத்தை அம்புகளுக்குச் செலவிட இது இடம் தருகிறது.

ஆர்கன்சாவின் பைன் பிளஃபில் செய்யப்பட்ட பென் பியர்சன் விற்கள் மலிவில் இன்னொரு நல்ல வழி. பெருமளவில் உற்பத்தியானதால் கோல்ட், கூகர், மஸ்டாங் போன்றவை எளிதில் கிடைக்கின்றன. வரிசை பெரிது என்பதால் தரமும் ஒரே சீராக இல்லை. மர அடுக்கு இல்லாமல் முழுக்கக் கண்ணாடி இழையால் செய்த பியர்சன் விற்களைச் சிறுவர் பயிற்சிக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். மிசௌரியில் எர்ல் ஹாய்ட் உருவாக்கிய புரோ மெடலிஸ்ட் வேறு இனம். இலக்குப் பலகைக்காகவே செய்த நீண்ட, கனத்த வில். வில் ஆடாமல் நிற்க உதவும் ஸ்டெபிலைசர் என்ற எடைத்தண்டைப் பொருத்தும் எண்ணமே ஹாய்ட் வழியாகத்தான் பரவியது. அசையாமல் நின்று எய்பவருக்கு இதற்கு இணை இல்லை. காட்டுக்குள் தூக்கிச் செல்பவருக்கு இது பாரம்.

எந்த வில்லானாலும் இழுவிசை எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லிம்பில் 45 பவுண்டு என்று எழுதியிருந்தால் அது 28 அங்குல இழுப்புக்குரியது; ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 முதல் 3 பவுண்டு குறையும். வாங்குமுன் வில்லை நாண் பூட்டி, நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். நாண் இரு லிம்ப்களின் நடுக்கோட்டிலும் விழாமல் ஒரு பக்கம் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. காலுக்கிடையில் வில்லை நுழைத்து நாணேற்றும் பழைய வழக்கமே இதற்கு முக்கியக் காரணம். நாணேற்றும் கயிறு ஒன்றை வாங்கிக்கொண்டால் இந்தச் சேதம் வராது. பிறகு லிம்பின் விளிம்புகளில் பஞ்சை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பஞ்சு மாட்டிக்கொள்ளும் இடத்தில் இழை பெயர்ந்திருக்கும் அல்லது ஒட்டு பிரியத் தொடங்கியிருக்கும். லிம்பின் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்பவை. குறுக்கே ஓடும் விரிசல் இருந்தால் அந்த வில்லை எய்யக் கூடாது. வெயிலில் நின்ற காருக்குள் விட்டுவைத்த வில்லில் ஒட்டு இளகிப்போயிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குறிபார்க்கும் கருவிக்காக யாரோ துளையிட்ட கைப்பிடியும், மறுபடி வார்னிஷ் அடித்த லிம்பும் சேகரிப்பாளருக்குக் குறைகள். எய்பவருக்கோ அவை தள்ளுபடி விலையில் கிடைக்கும் நல்ல வில்களாக அமையக்கூடும், துளை ஆழமாகப் போய்க் கைப்பிடியின் வலுவைக் குறைக்காதவரை. வாங்கிய பின் செய்ய வேண்டிய முதல் வேலை நாணை மாற்றுவது. அக்கால லிம்ப் நுனிகள் இன்றைய நீளாத இழை நாண்களின் அதிர்ச்சியைத் தாங்கும்படி வலுப்படுத்தப்படாதவை. டாக்ரான் என்ற பாலியஸ்டர் இழையால் செய்த நாண் சற்று நீண்டு அந்த அடியை உள்வாங்கிக்கொள்ளும். நாணின் நீளம் வில்லில் குறித்த நீளத்தைவிடச் சுமார் 4 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். அம்பையும் மிக இலேசாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒரு பவுண்டு இழுவிசைக்கு 10 கிரெயின் (அம்பின் எடையைக் குறிக்கும் சிறிய அலகு) என்று கணக்கிட்டால், 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெயின் எடையுள்ள அம்பு பாதுகாப்பானது.