பரிசோதனைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண், விளம்பரத்துக்கு ஒன்று

சேலம் நகரில் இயங்கும் ஒரு தனியார் பல்நோக்கு மருத்துவமனையின் முழு உடல் பரிசோதனைத் திட்டத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. இங்கே நான் சொல்லும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியம்மாவை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். பரிசோதனை திருப்தியாகவே நடந்தது. ஆனால் எங்களை அங்கே வரவழைத்த விளம்பரத்துக்கு அந்த மருத்துவமனை செலவழித்த பணம் வீண் என்பது என் முடிவு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எடுத்த பெண் ஒரே குத்தில் எடுத்தார். வயிற்று ஸ்கேனைப் பெண் மருத்துவரே செய்தார். அன்று மாலையே எல்லா அறிக்கைகளும் கைக்கு வந்தன. பொது மருத்துவர் ஒவ்வொரு எண்ணையும் பெரியம்மாவுக்குப் புரியும்படி விளக்கி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாக இருப்பதையும், மூன்று மாதச் சர்க்கரை சராசரி சற்றுக் கூடியிருப்பதையும் எடுத்துச் சொல்லி, புதிதாக மாத்திரை எதுவும் எழுதாமல் அனுப்பினார். இப்படி ஒரு மருத்துவர் இருக்கிறார் என்பது எந்த பிளக்ஸ் பலகையிலும் இல்லை.

ஐந்து ரோடு சந்திப்பிலும், நகரப் பேருந்துகளின் முதுகிலும், காலை நாளிதழுக்குள் செருகி வரும் நோட்டீசிலும் இருந்தவை வேறு: கைகட்டி நிற்கும் நிபுணர்களின் படங்கள், ஒரு ஸ்கேன் இயந்திரம், கொட்டை எழுத்தில் 1,999 ரூபாய். இரத்தச் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் முந்தைய இரவிலிருந்து பத்து மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருந்து வர வேண்டும் என்பதோ, அடிவயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதோ, சர்க்கரை நோயாளிகள் காலை மாத்திரையை என்ன செய்வது என்பதோ அதில் ஒரு வரிகூட இல்லை. நகரத்தில் குடியிருப்பவருக்கு இது பெரிய விஷயமன்று. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பட்டினியாக இறங்கி வர வேண்டிய அறுபது வயதுக்காரருக்கு இதுதான் முதல் விஷயம். நாங்கள் காத்திருந்தபோது கருமந்துறையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி, வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டதால் இன்னொரு நாள் வரும்படி திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் அவர்களுக்குப் போயின.

கட்டணத்திலும் இதே கதைதான். இதய எக்கோவும் டிரெட்மில் சோதனையும் அந்த 1,999 ரூபாய்க்குள் வராது என்பது பில் கவுண்டரில்தான் தெரிந்தது. பெண்களுக்கான உயர்நிலைப் பேக்கேஜில் சிஏ-125 என்ற, சினைப்பைப் புற்றுநோய்க்கான இரத்தக் குறியீட்டுச் சோதனையும் சேர்க்கப்பட்டிருந்தது. கருப்பைக் கட்டி, மாதவிடாய் போன்ற சாதாரணக் காரணங்களாலும் இந்த அளவு கூடக்கூடும் என்பதால், அறிகுறி எதுவுமற்ற பெண்ணுக்கு இதனால் கிடைப்பது பெரும்பாலும் பயமும் அடுத்தடுத்த ஸ்கேன்களுமே. பொதுவான உடல் பரிசோதனைகளால் இறப்பு விகிதம் குறைவதாகத் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2012இலும் 2019இலும் சொல்லியிருப்பதை, 'ஆண்டுக்கொரு முறை, ஆயுள் முழுவதும் நிம்மதி' என்று அச்சிடுபவர்கள் ஒரு முறையாவது படித்திருந்தால் நல்லது.

இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மருத்துவரோ மருத்துவ நிறுவனமோ நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆள்பிடிப்பது நெறி தவறிய செயல் என்கின்றன. ஆலோசனை அறைப் பெயர்ப்பலகையில் மருத்துவர் தம் படத்தைப் போட்டுக்கொள்வதையே அவை சுயவிளம்பரமாகக் கருதுகின்றன. 2023 ஆகஸ்டில் வெளிவந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய விதிகளே தொடர்ந்தன. இவ்விதிகளின் பிடி மருத்துவர்மீதுதான், நிறுவனத்தின்மீது இல்லை என்ற வாதத்தில் மருத்துவமனைகள் நழுவிக்கொள்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், பத்திரிகையில் அறிவிக்கலாம் என்று அதே விதிகள் அனுமதிக்கும் சிலவற்றுள் கட்டணத்தை வெளிப்படையாக அறிவிப்பதும் ஒன்று. அனுமதிக்கப்பட்ட அதைத்தான் யாரும் முழுமையாகச் செய்வதில்லை.

விளம்பரமே கூடாது என்பது என் கட்சியன்று. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்காக ஆத்தூரிலிருந்து சேலத்துக்கு அலைபவருக்கு, ஊருக்கு அருகில் புதிய டயாலிசிஸ் பிரிவு தொடங்கியிருக்கிறது என்ற செய்தி அரை நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் தனியார் மருத்துவமனைகளும் சேர்க்கப்பட்டன. 'இங்கே அந்தத் திட்டம் உண்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இன்னின்ன அறுவை சிகிச்சைகளுக்குச் செல்லும்' என்று நெடுஞ்சாலையோரம் ஒரு பலகை வைத்தால் அந்தச் செலவை நான் குறை சொல்ல மாட்டேன். மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊர் ஊராக முகாம் நடத்தி வளர்ந்தது. உள்ளூர் அமைப்புகளே தண்டோரா போட்டு ஆட்களைத் திரட்டின. அந்தச் செலவில் ஒருவருக்குப் பார்வையாவது கிடைத்தது. நமது சேலத்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை பிளக்ஸ் எதுவும் வைக்காமலே காலையில் நிரம்பி வழிகிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பலகை வாடகையும் மக்கள் தொடர்பு அலுவலர்களின் சம்பளமும் தனியார் மருத்துவமனையில் நோயாளியின் பில்லைத் தவிர வேறெங்கிருந்து வரும்? புதிதாக முளைக்கும் மருத்துவமனை தன் இருப்பை ஊருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது நியாயம். ஆனால் பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த கட்டடம், பக்கத்துக் கட்டடம் பலகை வைத்துவிட்டது என்பதற்காகத் தானும் வைக்கும்போது நோயாளிக்குப் புதிதாக எதுவும் தெரிய வருவதில்லை.

இந்தத் திட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணி நேரம் பட்டினி, எந்தச் சோதனைகளுக்குத் தனிக் கட்டணம், அறிக்கையை விளக்கப் போகும் மருத்துவர் எத்தனை மணிக்கு வருவார் என்பவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைப் பொறுத்தவரை, அடுத்த முறை பேக்கேஜ் இல்லாமல் சர்க்கரை, கிரியாட்டினின், இரத்த அழுத்தம் ஆகியவற்றை மட்டும் அதே ஆய்வகத்தில் பார்த்துவிட்டு, அதே பொது மருத்துவரிடம் ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டப்போகிறோம்.