கொளத்தூரா, பழைய வண்ணாரப்பேட்டையா: இரவு பத்தரை மணிக் கணக்கு

சென்னையில் வீடு மாற்றியபோது கடைசியில் இரண்டு வீடுகள் கையில் நின்றன. ஒன்று கொளத்தூரில், ரெட்டேரிப் பக்கம், பன்னிரண்டு குடித்தனம் உள்ள புது அபார்ட்மென்ட். இன்னொன்று பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் துணிக்கடைகளைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெருவில் முதல் மாடி. வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். உறவுக்காரர்கள் எல்லாரும் பாதுகாப்புக்குக் கொளத்தூர்தான் என்றார்கள். "வண்ணாரப்பேட்டையா? வயசுப் பொண்ண வச்சிக்கிட்டா?" என்று அத்தை ஃபோனிலேயே பதறினார். நாங்கள் வண்ணாரப்பேட்டைக்குத்தான் போனோம். பதினான்கு மாதம் ஆகிறது.

திருவொற்றியூரிலும் ஒரு வீடு பார்த்தோம். மெட்ரோ 2021 பிப்ரவரியிலிருந்தே விம்கோ நகர் வரை ஓடுகிறது, கடல் காற்றும் உண்டு. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மகள் சைக்கிள் மிதிப்பதை நினைத்ததும் விட்டுவிட்டோம். என் கணக்கில் அதுவும் பாதுகாப்புதான்.

முதலில் புள்ளிவிவரம் தேடினேன், எல்லாரையும் போல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் பெருநகரங்களுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. சென்னை அதில் மொத்தமாக ஒரே வரி. கொளத்தூரும் வண்ணாரப்பேட்டையும் பெசன்ட் நகரும் அதற்குள் ஒன்றாகக் கரைந்துவிடும். போதாததற்கு, அது பதிவான வழக்குகளின் கணக்கு மட்டும்தான். பறிபோன செல்போனுக்கு ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவர், எஃப்.ஐ.ஆர். போடப்படும் வரை அந்தக் கணக்கில் இல்லை. வாடகை வீடு தேடுகிறவனுக்கு அது உதவவில்லை.

கண்ணுக்குத் தெரிந்த விஷயங்களில் கொளத்தூர்தான் முன்னால். கேட், கேமரா, வாட்ச்மேன், வண்டி நிறுத்த இடம். வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. தெருவில் போலீஸ் சொல்லி வைத்த கேமரா உண்டு, அது இரண்டு ஏரியாவிலும் உண்டு.

எங்களுக்கு முடிவைச் சொன்னது வேறு ஒன்று. மனைவிக்கு மதிய ஷிப்ட். வீடு திரும்ப இரவு பத்தரை ஆகும். அப்போது பஸ்ஸோ ரயிலோ அவளை ஓரிடத்தில் இறக்கிவிடும், அதன் பிறகு வீட்டு வாசல் வரை அவள் நடக்க வேண்டும். வாட்ச்மேனும் கேமராவும் அந்த நடை முடிந்த பிறகுதான் வருகிறார்கள். புரோக்கர் காட்டும் பகல் பதினொரு மணி வீடு இதைச் சொல்லாது. எனவே இரண்டு இடத்திலும் பத்தரை மணிக்குப் போய் நின்று பார்த்தேன்.

கொளத்தூரில் இருநூறு அடி சாலை வெளிச்சமாக இருந்தது. உள்ளே திரும்பியதும் பத்து நிமிட நடை. இரு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், 'நாய் ஜாக்கிரதை' பலகைகள், நடுவில் முள் மண்டிய இரண்டு காலி மனை. ஒரு மளிகைக் கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தது. அந்த அபார்ட்மென்ட் எதிரே முக்கால் மணி நேரம் நின்றேன். யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. வாட்ச்மேன் ஒருமுறை பார்த்துவிட்டு ஃபோனுக்குத் திரும்பிவிட்டார்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிடம். வழியில் டீக்கடை, பாயா விற்கும் தள்ளுவண்டி, மருந்துக்கடை, அணையாத ஒரு இஸ்திரி வண்டி. படிக்கட்டுகளில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தெருமுனையில் நின்று பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு ஆயா நேராக வந்தார். "இன்னாப்பா, யாரு வோணும் உனக்கு? ரொம்ப நேரமா நிக்கிற?" வீடு பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். எந்த வீடு, யார் சொன்னது, எத்தனை பேர், என்ன வேலை என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் விட்டார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

இந்தக் கேள்வியின் அருமை தெரிய 2017 நவம்பரை நினைத்துப் பார்க்கலாம். அப்போது கொளத்தூரில் ஒரு கும்பல் நகைக்கடைக்கு மேல் இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்து, தளத்தில் துளை போட்டு இறங்கிக் கொள்ளையடித்தது. அவர்களைத் தேடி ராஜஸ்தான் போன இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் அடுத்த மாதம் அங்கே குண்டு பாய்ந்து இறந்தார். வியாபாரச் சாலைக் கடையும் குடியிருப்பும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் மேலே புதிதாக வந்தவன் யார், என்ன வியாபாரம் என்று துருவ ஒரு ஆயா அங்கே இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

பகலிலும் இதே கதைதான். கொளத்தூர் அபார்ட்மென்டில் காலை பத்து மணிக்கு மேல் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகலாம், ரோந்து போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தினமும் வேலைக்குப் போவதை யாரிடம் சொல்வது?

சரி, வண்ணாரப்பேட்டை ஒன்றும் சொர்க்கம் இல்லை. ராத்திரி தெருவில் நிறுத்திய என் வண்டியிலிருந்து இரண்டு முறை பெட்ரோல் உறிஞ்சிவிட்டார்கள். சைடு மிர்ரர் போனது தனிக்கதை. தெருக்கோடியில் சில பையன்கள் நிற்பார்கள், கஞ்சா வாடை வரும். எங்களிடம் வம்புக்கு வந்ததில்லை, ஆனால் அந்த இடத்தில் மகள் நடையை வேகப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் தடுக்கும் என்றும் சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை செய்யப்பட்டது பெரம்பூரில், வீடுகள் நெருங்கிய தெருவில்தான். ஆளைக் குறிவைத்து வருகிறவர்களைத் தெரு தடுக்காது. அந்த மாதிரிச் செய்திகளை வைத்துத்தான் வடசென்னைக்கே பேர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் வாடகை கொடுத்துத் தப்பிக்கப் பார்ப்பது செயின் பறிப்பையும் பூட்டு உடைப்பையும்.

அதே கண்கள் மனைவி எத்தனை மணிக்கு வருகிறாள், மகள் யாரோடு பேசினாள் என்பதையும் குறித்துக்கொள்கின்றன. "உன் ஆயா போலீஸ்" என்று மகள் முகம் சுளிக்கிறாள். குடும்பமாக வந்த எங்களுக்குக் காவலாக இருப்பது, தனியாக வாடகைக்கு வரும் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதை அவர்தான் சொல்ல முடியும். நான் பார்த்ததும் கொளத்தூரில் ஒரே ஒரு தெரு. பெரியார் நகர் கடைவீதிப் பக்கம் வீடு கிடைத்திருந்தால் இந்தக் கணக்கு மாறியிருக்கலாம். மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ கொளத்தூர் வழியாகத்தான் வருகிறது. அது ஓட ஆரம்பித்ததும் ஸ்டேஷன் வாசலில் டீக்கடை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று பார்க்க, இன்னொரு முறை பத்தரை மணிக்குப் போய் நிற்பதாக இருக்கிறேன்.