முத்திரையா, முகப்பதிவா? ஷெங்கன் எல்லையில் பழையதும் புதியதும்

தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணம் போகிறவர்கள் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்கலாம். அந்தக் கணக்குக்கு வெகுகாலம் சாட்சி பாஸ்போர்ட் முத்திரைதான். மை மங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, தேதி 3-ஆ 8-ஆ என்று அதிகாரி பக்கத்தைச் சாய்த்துப் பார்ப்பார். ஆனாலும் அத்தாட்சி நம் கையிலேயே இருந்தது. அது பெரிய ஆறுதல்.

2025 அக்டோபர் 12 முதல் 29 நாடுகளில் படிப்படியாக வந்த இ.இ.எஸ். (Entry/Exit System) என்ற கணினி வழி நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் முதல் தடவை முகத்தைப் படம்பிடித்து, நான்கு விரல்களின் ரேகையும் எடுக்கிறார்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ரேகை இல்லை. விசாவில் போகிறவர்களின் ரேகை விசாத் தரவுத்தளத்திலேயே இருப்பதால், முகப்படம் மட்டும் பதிவாகும். அப்புறம் நாள் கணக்கைக் கணினியே போட்டுவிடும். போலி முத்திரைக்கு இடமே இல்லை.

வேகம்? முதல் பதிவுக்கு வரிசையில் கூடுதல் நேரம் ஆகும்.

துல்லியத்துக்குப் புதியதே மேல் என்பேன். ஆனால் வெளியேறிய பதிவு விழாமல் போனால், நம் விவரம் கணினியில் மூன்றாண்டுக்குப் பதில் ஐந்தாண்டு தங்கும். கையில் முத்திரையும் இருக்காது. அதனால் திரும்பி வந்த போர்டிங் பாஸைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.