நண்பர்கள் குழுவுக்கு வாட்ஸ்அப்: புயலில் கைகொடுக்கும், பயணப் படங்களைக் காப்பாற்றாது

எல்லாரும் தினமும் கையில் வைத்திருக்கும் செயலிக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப் எப்படி இருக்கிறது என்று நான் எழுத வரவில்லை. ஒன்றாகச் சுற்றித் திரிந்து, இப்போது திசைக்கு ஒருவராகப் போய்விட்ட நண்பர்களுக்கு வாட்ஸ்அப் குழு சரிப்படுமா என்பதுதான் விஷயம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்றாடக் கதைக்கு நல்லது, புயல் மழைக்கு ரொம்ப நல்லது, பயண நினைவுகளைச் சேர்த்து வைக்க மட்டும் இதை நம்பாதீர்கள்.

அன்றாடக் கதை என்றால் ஒருத்திக்குக் கால் சுளுக்கு, ஒருவனுக்கு வேலை மாற்றம், இன்னொருவன் வீட்டுப் பூனை குட்டி போட்டது, இவ்வளவுதான். தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லும் அளவுக்குப் பெரிய சேதி இல்லை, சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து "இது எப்ப நடந்துச்சு, சொல்லவே இல்லையே" என்று சண்டை வரும். இந்த நடுத்தரச் சேதிகளுக்கு வாய்ஸ் நோட்டை மிஞ்ச எதுவும் இல்லை. எழுதினால் ஒரு வரியில் "சரியாயிடுச்சு" என்று போடுகிறவள், பேசும்போது பெருமூச்சு விட்டுத்தான் தொடங்குகிறாள், அந்தப் பெருமூச்சில் பாதிச் சேதி வந்துவிடுகிறது. நீட்டி முழக்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது: 2021 முதல் 1.5 மடங்கு, 2 மடங்கு வேகத்தில் கேட்கலாம். நெருங்கிய நண்பன் பேசுவதை வேகமாக ஓட்டிக் கேட்பது அநியாயம்தான், ஆனால் எல்லாரும் செய்கிறோம்.

அப்புறம் புயல். இந்தச் செயலியின் அருமை அன்றைக்குத்தான் தெரியும். காரணம் அந்தச் சின்ன டிக்குகள். ஒரு டிக் விழுந்தால் செய்தி நம் போனை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம், இரண்டு டிக் என்றால் எதிராளியின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நீலமானால் படித்துவிட்டார். குழுவில் ஒரு சங்கதி உண்டு, பலருக்குத் தெரியாது: எல்லாருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் வரும். அதனால் காற்று சுழன்று அடிக்கும் ராத்திரியில் "எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்று போட்டுவிட்டு அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து 'தகவல்' பகுதிக்குப் போனால், யார் யார் போனுக்குப் போயிருக்கிறது, யாருக்குப் போகவில்லை என்று பெயரோடு பார்க்கலாம். பதில் போடக் கை வராதவன்கூட படித்துவிட்டான் என்று தெரிந்தால் பாதி நிம்மதி. ஒரே டிக்கில் நின்றால் உடனே பதறவும் வேண்டாம், பெரும்பாலும் சார்ஜ் தீர்ந்திருக்கும் அல்லது டவர் படுத்திருக்கும். போய்ச் சேராத செய்தியை 30 நாள் வரை சர்வரில் வைத்திருப்பார்கள், சிக்னல் வந்ததும் எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கொட்டும்.

அந்த மாதிரி ராத்திரியில் வீடியோ காலுக்கு ஆசைப்படாதீர்கள். சிக்னல் இழுத்துப் பறிக்கும்போது எழுத்து மட்டும் எப்படியோ நழுவிப் போய்விடும். "கரண்ட் போச்சு, போன்ல 11 சதவீதம்தான் இருக்கு, நாங்க நல்லா இருக்கோம்" என்று ஒரு வரி போதும். லைவ் லொகேஷனிலும் ஆசையை அளவாக வையுங்கள், 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வு தருகிறது, மழையில் வண்டி ஓட்டி வீட்டுக்கு வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருக்க 1 மணி நேரம் நல்லது, 8 மணி நேரத்தைப் போட்டுப் பேட்டரியைக் காலி செய்துவிட்டு அப்புறம் இருட்டில் உட்காரக் கூடாது. முக்கியமான எண்களை ஒரே செய்தியாக எழுதி, அதை 'பின்' (Pin) செய்து வைத்தால் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று நாம் சொல்லும் காலம் வரை மேலேயே நிற்கும். ஆனால் ஒன்று, டேட்டா செத்தால் வாட்ஸ்அப்பும் செத்தது. அந்த நேரத்தில் பழைய எஸ்எம்எஸ் போக வாய்ப்பு அதிகம், அதை மறந்துவிடாதீர்கள்.

புயல் நாளில் குழுவைக் கெடுப்பது ஃபார்வர்ட். எங்கோ எப்போதோ எடுத்த வெள்ள வீடியோவை "இப்ப வந்தது" என்று அள்ளிப் போடுவார்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்த சரக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும், அந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வானிலை வரைபட ஸ்கிரீன்ஷாட்டும் ஏறக்குறைய இதே ரகம்தான். வானிலையை முன்கூட்டிக் கணிக்கும் பெரிய கணினி மாதிரிகள் ஒரு நாளில் 4 முறை புதுசாக ஓடுகின்றன, காலையில் எடுத்த படம் சாயங்காலத்துக்குப் பழசு. படத்துக்குப் பதில் விண்டி (Windy) போன்ற வானிலை வரைபடத் தளத்தின் லிங்க்கைப் போட்டால் ஐரோப்பியக் கணிப்பு மாதிரி என்ன சொல்கிறது, அமெரிக்கக் கணிப்பு மாதிரி என்ன சொல்கிறது என்று அவரவர் பார்த்துக்கொள்வார்கள். எச்சரிக்கைக்கு மட்டும் அந்தந்த அரசு வானிலைத் துறைதான், இதில் விவாதமே வேண்டாம்.

கரண்ட் இல்லாமல், தூக்கமும் வராமல், மழைச் சத்தம் மட்டும் கேட்கும்போது குழு தானாகவே பழைய பயணங்களுக்குப் போய்விடும். "அந்த மலைப்பாதையில பஸ் நின்னுச்சே" என்று ஒருவன் தொடங்குவான், பஸ் இல்லை அது வேன் என்பாள் ஒருத்தி, அன்னைக்கு நான் வரவே இல்லையே என்பான் இன்னொருவன், ஆளுக்கொரு கதை. அப்போதுதான் யாராவது "போட்டோ இருக்கா" என்று கேட்பார்கள், அங்கேதான் வாட்ஸ்அப் கையை விரிக்கும்.

படத்தைப் படமாக அனுப்பினால் அளவைச் சுருக்கிவிடும், அது போகட்டும். எடுத்த தேதி, இடம் என்று படத்துக்குள் பதிந்திருக்கும் விவரங்களும் கழன்றுபோகின்றன. பயணம் முடிந்து ஒரு வருஷம் கழித்து ஒருவன் அனுப்பிய படம், உங்கள் கேலரியில் அனுப்பிய நாளின் கீழ்தான் உட்கார்ந்திருக்கும். ஆண்ட்ராய்டில் 2024இல் தேதி வைத்துத் தேடும் வசதி வந்தது, நல்லதுதான், ஆனால் பயணம் போன தேதி தெரிந்தும் பயனில்லை, அனுப்பிய தேதி தெரிய வேண்டும். 2023இல் வந்த எச்டி தேர்வு தெளிவைக் கூட்டுகிறது, தேதி விவகாரத்தைத் தீர்க்கவில்லை. அதற்கு டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும், 2 ஜிபி வரை ஏற்கும், அசல் கோப்பு அப்படியே போகும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? குழுவில் ஒருவர் செய்தால் பெரிய விஷயம். மறையும் செய்திகளையும் கவனியுங்கள்: அட்மின் தடுத்து வைக்காவிட்டால் குழுவில் யார் வேண்டுமானாலும் அதை இயக்கலாம், 90 நாள் என்று யாரோ வைத்துவிட்டால் அதன் பிறகு வரும் பேச்சும் படமும் அந்தக் கெடு முடிந்ததும் உரையாடலிலிருந்து போய்விடும்.

படங்களுக்கு கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்ந்த ஆல்பம் தொடங்கி, அதன் லிங்க்கைக் குழுவின் விவரப் பகுதியில் போட்டு வைப்பதே என் சிபாரிசு. நேராக அதில் ஏற்றினால் எடுத்த தேதி வரிசையிலேயே அடுக்கிக்கொள்ளும், நாலு பேர் நாலு போனில் எடுத்தது ஒரே ஓட்டமாக வரும். பயணம் முடிந்த அதே வாரத்தில் ஏற்றச் சொல்லுங்கள், தள்ளிப்போட்டால் யாரும் ஏற்ற மாட்டார்கள். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, 2021 ஜூன் முதல் புதிதாக ஏற்றும் படங்கள் அதில்தான் கணக்காகும், ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே 15 ஜிபியைத்தான் தின்கிறது. அதனால் பேக்கப் அமைப்பில் வீடியோவை அணைத்துவிடுங்கள், வருகிற வீடியோவில் முக்கால்வாசி எப்படியும் காலை வணக்கம்தான்.